சாரட்டை இழுத்த ராஜாவும் கமுதி வழக்கும்

1897-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதியின் பெயர் இரண்டு காரியங்களுக்காகப் பதிவாகியிருக்கிறது. ஜனவரி 26-ஆம் தேதி பாம்பன் கரையில் விவேகானந்தர் என்ற துறவியின் காலில் விழுந்தார். குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ஜனங்களோடு ஜனமாக நின்று அவருடைய சாரட்டு வண்டியை இழுத்தார். மே 14-ஆம் தேதி கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்தார்கள். அந்தக் கோயிலின் பரம்பரை தர்மகர்த்தா என்ற முறையில் அதே ராஜா அவர்கள் மீது வழக்குப் போட்டார். தீட்டுக் கழிக்கும் செலவுக்கு 2,500 ரூபாய் கேட்டார். இரண்டுக்கும் நடுவே முழுதாக நான்கு மாதம்கூட இல்லை.

முதல் நிகழ்வு எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் வரும், கோயில் திருவிழா மேடையில் வரும், இராமேஸ்வரத்துக்கு வருகிற யாத்திரைக்காரர்களுக்கு ஆட்டோக்காரர்கூடச் சொல்வார். இரண்டாவது நிகழ்வு சட்டப் புத்தகங்களிலும் சாதிச் சங்க மலர்களிலும் கிடக்கிறது. முதல் கதையைச் சொல்கிறவர்கள் இரண்டாவதைத் தொடுவதில்லை; இரண்டாவதைச் சொல்கிறவர்களுக்கு முதலாவது தேவைப்படுவதில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால்தான் அகந்தை என்பது எங்கே ஒளிந்துகொள்கிறது, பணிவு என்று நாம் கைதட்டுகிற காரியத்தில் எவ்வளவு பணிவு இருக்கிறது என்பதெல்லாம் பிடிபடுகிறது.

ராஜாவைக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் இதில் ஆராய ஒன்றுமே இருந்திருக்காது.

சேதுவின் காவலர்

பாஸ்கர சேதுபதி 1868-இல் பிறந்தார். ஐந்து வயது முடிவதற்குள் தகப்பனார் இறந்துவிட்டார். ஜமீன் அரசாங்கத்தின் மைனர் சொத்து நிர்வாகத்துக்குப் போயிற்று. பையன் சென்னையில் ஆங்கிலப் படிப்புப் படித்தார். 1889-இல் ஜமீன் அவர் கைக்கு வந்தபோது வயது இருபது. 1903 டிசம்பரில், முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார். நடுவில் இருந்த பதினான்கு ஆண்டுகளில் அவர் கொடுத்த கொடைக்கு அளவில்லை. புலவர்களுக்குக் கொடுத்தார், கோயில்களுக்குக் கொடுத்தார், காங்கிரசுக்குக் கொடுத்தார். உறவினரான பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியபோது அதற்கும் துணை நின்றார். கடன் கழுத்தை நெரித்தது, ஜமீன் நிர்வாகம் அவர் கையைவிட்டுப் போனது, அப்போதும் கொடுப்பதை நிறுத்தவில்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சேதுபதி என்பது வெறும் ஜமீன்தார் பட்டம் இல்லை. சேதுவுக்கு வருகிற யாத்திரைக்காரர்களைக் காப்பது அந்த வம்சத்தின் கடமை. கடற்கரைப் பாதையில் சத்திரங்கள் கட்டியது, வருகிறவர்களுக்குச் சோறு போட்டது, இராமேஸ்வரம் கோயிலின் நீண்ட பிராகாரத்தை எழுப்பியது எல்லாம் அவர்கள்தான். ஆக, அந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சேவை என்பது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய குணம் இல்லை, பரம்பரைச் சொத்து. நான்கு தலைமுறை செய்த சேவை ஐந்தாவது தலைமுறைக்குப் பெருமையாகத்தான் வந்து சேரும். அதை யாரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள், ஏனென்றால் சோறு என்னவோ பசித்தவன் வயிற்றுக்குத்தான் போகிறது. ஆனால் கொடுக்கிற கை எப்போதும் மேலேயே இருந்து பழகிவிட்டால், பக்கத்தில் வந்து நிற்கிறவனை எப்படிப் பார்ப்பது என்று அந்தக் கைக்காரருக்குத் தெரியாமல் போய்விடும்.

பாம்பனில் நடந்தது

1892-93 வாக்கில், கையில் காசில்லாமல் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த விவேகானந்தரைச் சந்தித்து, சிகாகோ சர்வமத மாநாட்டுக்கு நீங்கள் போக வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் பாஸ்கர சேதுபதி முக்கியமானவர். அந்த எண்ணத்தை முதலில் தன் மனதில் போட்டவர் ராஜாதான் என்று விவேகானந்தரே பாம்பன் வரவேற்பில் சொன்னார். பயணத்துக்கு ராஜாவும் பணம் கொடுத்தார். ஆனால் சென்னையில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளி ஆசிரியர். இப்போதைக்கு அவர் பெயரை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நாலு வருடம் கழித்து விவேகானந்தர் கொழும்பு வழியாகத் திரும்பினார். அப்போது பாம்பன் பாலம் கிடையாது. அது 1914-இல்தான் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து நள்ளிரவில் கப்பல் ஏறி மறுநாள் பிற்பகல் பாம்பன் வந்து சேர்ந்தார். கூட வந்தவர்கள் அவருடைய வெளிநாட்டுச் சீடர்களான சேவியர் தம்பதியும் குட்வின் என்ற இளைஞரும். நேராக இராமேஸ்வரம் போவதாகத்தான் ஏற்பாடு. ராஜாவே பாம்பனுக்கு வந்து காத்திருக்கிறார் என்று தெரிந்ததும் கப்பலிலிருந்து ராஜாவின் படகுக்கு மாறினார். அவர் கால் வைத்ததும் ராஜாவும் பரிவாரமும் சாஷ்டாங்கமாக விழுந்தார்கள். கரையில் பந்தல், வரவேற்புரை, பதிலுரை. அதெல்லாம் முடிந்து தங்குமிடத்துக்குக் கிளம்பும்போதுதான் சாரட்டு வண்டி விஷயம். ராஜா உத்தரவுப்படி குதிரைகளை அவிழ்த்தார்கள். ஜனங்கள் வண்டியைப் பிடித்தார்கள். ராஜாவும் ஒரு கை பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அந்தக் காலத்தில் ராஜா என்பவர் நடந்துபோவதே அதிசயம். பல்லக்கு, யானை, குதிரை இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. அப்படிப்பட்டவர் வெயிலில், கடற்கரை மணலில், மாட்டுக்கும் குதிரைக்கும் உரிய வேலையைச் செய்கிறார். பார்த்தவர்களுக்குப் புல்லரித்திருக்கும், எனக்கும் படிக்கும்போது புல்லரிக்கத்தான் செய்கிறது. காலப்போக்கில் கதை இன்னும் வளர்ந்துவிட்டது. குந்துகால் பக்கம் விவேகானந்தர் நினைவு மண்டபம் பார்க்கப் போனபோது ஆட்டோ ஓட்டிய தம்பி சொன்னார்: “சாமி கால் மண்ணுல படக்கூடாதுன்னு ராஜா தலையக் குனிஞ்சு, இதுல மிதிச்சு இறங்குங்கன்னாருண்ணே.” நடந்ததோ இல்லையோ, ஊர் எதை ரசிக்கிறது என்பதற்கு அந்தத் தலை ஒரு சாட்சி.

மறுநாள் இராமேஸ்வரம். யானை, ஒட்டகம், குதிரை, கோயில் மரியாதை எல்லாவற்றோடும் ஊர்வலம். கோயிலில் பேசச் சொன்னார்கள். விவேகானந்தர் ஆங்கிலத்தில் பேச, நாகலிங்கம் பிள்ளை தமிழில் சொன்னார். பேச்சு ரொம்ப நீளமில்லை. ஏழையிடத்தில், பலவீனனிடத்தில், நோயாளியிடத்தில் சிவனைப் பார்க்கிறவன்தான் உண்மையில் சிவனைக் கும்பிடுகிறான். விக்கிரகத்தில் மட்டும் பார்க்கிறவனுடைய வழிபாடு ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது என்றார். கோயிலுக்குள் நின்றுகொண்டு, கோயில்காரர்கள் முன்னால் சொன்ன பேச்சு இது.

அதில் ஒரு கதையும் சொன்னார். ஒரு பணக்காரனுக்கு ஒரு தோட்டம், இரண்டு தோட்டக்காரர்கள். ஒருவன் வேலை எதுவும் செய்யமாட்டான். முதலாளி வந்ததும் எழுந்து கைகட்டி நின்று, எஜமான் முகம்தான் எவ்வளவு அழகு என்று பாடி ஆடுவான். இன்னொருவன் அதிகம் பேசமாட்டான். பாடுபட்டுக் காய்கனி விளைவித்து, தூரத்தில் இருக்கும் முதலாளி வீட்டுக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். இருவரில் முதலாளிக்கு எவனைப் பிடிக்கும்? தகப்பனுக்குச் சேவை செய்ய ஆசைப்படுகிறவன் முதலில் பிள்ளைகளுக்குச் செய்யட்டும் என்று முடிச்சுப் போட்டார்.

முந்தின நாள்தான் ராஜா வண்டி இழுத்திருக்கிறார். இந்தக் கதை யாருக்காகச் சொல்லப்பட்டது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. விவேகானந்தர் ராஜாவைக் குத்திக் காட்டினார் என்று நான் சொல்லவரவில்லை. அவர்மேல் இவருக்கு இருந்த அன்பும் நன்றியும் பேச்சுகளிலேயே தெரிகிறது. ராஜாவும் காதில் வாங்காமல் இருக்கவில்லை. மறுநாளே ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார். 1896-97 பஞ்ச காலம். இராமநாதபுரம் வரவேற்புக் கூட்டத்தில், சுவாமி வந்ததன் ஞாபகமாகப் பஞ்ச நிவாரண நிதிக்குப் பணம் திரட்டலாம் என்று சொன்னவரும் ராஜாதான். கூடவே பாம்பனில் 40 அடி உயர நினைவுத் தூணும் எழுப்பினார். சுவாமியின் பாதம் பட்ட இடம் என்றும், எழுப்பியது பாஸ்கர சேதுபதி என்றும் அதில் பொறிக்கப்பட்டது.

அந்தப் பேச்சு இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம் குட்வின். சுருக்கெழுத்து வேலைக்கு அமெரிக்காவில் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர்; கொஞ்ச நாளில் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போகிற இடமெல்லாம் கூடவே போய் ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். இராமேஸ்வரத்தில் யானை, ஒட்டகத்தின் பின்னால் நோட்டும் பென்சிலுமாக நடந்திருப்பார். 1898 ஜூனில் ஊட்டியில் காய்ச்சல் கண்டு இறந்தார். வயது 27. பாம்பனில் என்ன நடந்தது என்று நமக்குச் சொன்னவர்களில் அவர் ஒருவர், ஆனால் பாம்பன் கதைகளில் அவர் வரமாட்டார்.

கமுதியில் நடந்தது

கமுதி கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, குண்டாற்றுப் பக்கம் இருக்கிறது. நாடார் வியாபாரிகள் செல்வாக்காக இருந்த ஊர். கடை, கிட்டங்கி, வண்டிப்பேட்டை எல்லாம் அவர்களுடையது. ஆனால் ஊர்க்கோயில் வாசலைத் தாண்டக்கூடாது. பனை ஏறும் தொழிலைக் காரணம் காட்டி வைத்திருந்த விலக்கு அது. பனை மரத்தையே பார்க்காத மூன்றாம் தலைமுறை வியாபாரிக்கும் அதே விலக்குத்தான்.

1897 மே 14 அன்று ஒரு குழு உள்ளே போய்விட்டது. ராஜா தரப்பில் வழக்குப் பதிவாயிற்று. இனிமேல் நுழையக்கூடாது என்று நிரந்தரத் தடை வேண்டும், தீட்டுக் கழிக்கப் பணம் வேண்டும் என்பது கோரிக்கை. அந்த மே மாதத்தின் முதல் தேதியில்தான் கல்கத்தாவில் விவேகானந்தர் ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கியிருந்தார். அதே மாதத்தில் அவருடைய சகோதரத் துறவி அகண்டானந்தர் முர்ஷிதாபாத் பக்கம் பஞ்சத்தில் அடிபட்ட கிராமங்களில் சோறு போட ஆரம்பித்திருந்தார். பாம்பனில் ஒன்றாக நின்றவர்களின் பாதைகள் எவ்வளவு சீக்கிரம் பிரிந்தன என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வழக்கு இரண்டு ஆண்டு நடந்தது. வெளியே பகை முற்றியது. 1899 ஜூனில் சிவகாசியில் பெரும் கலவரம் வெடித்து உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அடுத்த மாதமே கமுதி வழக்கில் சார்பு நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நெடுங்கால வழக்கம் அதுதான், அதை மாற்ற முடியாது என்பது சாரம். 1901-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கடைசியில், அன்றைக்கு இந்திய வழக்குகளுக்கும் உச்ச நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908-இல் அங்கேயும் அதே முடிவு. அந்தத் தீர்ப்பில் எதிர்த்தரப்பாக இருந்தது ராஜாவின் மகன். ராஜா போய்ச் சேர்ந்து ஐந்தாவது வருடம்.

நாடார் தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கோயில் எல்லோருக்கும் பொது என்று அவர்கள் வாதாடவில்லை. நாங்கள் சத்திரியர், பாண்டியர் வம்சம், எங்களைக் கீழே வைத்தது தப்பு என்றுதான் வாதாடினார்கள். அவர்களுக்கும் கீழே தள்ளப்பட்டிருந்த ஜனங்கள் அந்த வழக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஏணியில் ஒரு படி மேலே ஏற ஒருவர் முட்டினார், மேல்படியில் நின்றவர் கையை மிதித்தார். ஏணியே எதற்கு என்று நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்துச் சட்டத்தில் அப்படிக் கேட்டு ஜெயிக்க வழியும் இல்லை என்பது உண்மை.

பிசகியது எங்கே

ஜனவரி மாத ராஜா வேஷம் போட்டார், மே மாத ராஜாதான் நிஜம் என்று சொல்வது சுலபம். நான் அதை நம்பவில்லை. வண்டி இழுத்தபோது அவர் மனதார இழுத்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த இறக்கத்தில் அவர் எதை இழந்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் இல்லை. சிகாகோவை ஜெயித்து வந்தவர், உலகமே பேசுகிற துறவி. அவர் முன்னால் விழுகிற ராஜாவை ஊர் இன்னும் கொஞ்சம் மேலேதான் தூக்கி வைக்கும். நம்மைவிடப் பெரியவர் என்று நாமே ஒப்புக்கொண்டவரிடம் குனிவதில் மனதுக்கு வலி இல்லை. கூட்டமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பக்தி என்பது அதுதான், அதைக் குறை சொல்ல முடியாது. பணிவுக்கு அதைப் பரீட்சையாக வைக்காமல் இருந்தால் சரி.

கமுதியில் வந்தது வேறு மாதிரிக் கேள்வி. தனக்குக் கீழே என்று பிறந்ததிலிருந்து சொல்லிக்கொடுக்கப்பட்ட ஆள், சோறு கேட்டு வரவில்லை, துணி கேட்டு வரவில்லை. அதே சாமி முன்னால், அதே கல்தரையில், பக்கத்தில் நிற்க வந்தான். பஞ்ச காலத்தில் ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட மனதுக்கு அந்த ஒருவன் பக்கத்தில் நிற்பது தாங்கவில்லை. சோறு போடும்போது உயரம் குறைவதில்லை, பக்கத்தில் நிற்கும்போது குறைகிறது. ஏழையிடம் சிவனைப் பார் என்ற பேச்சு இராமேஸ்வரத்தில் கேட்டது; அதில் பிச்சை வாங்குகிற ஏழை மட்டும் அடக்கமா, உரிமை கேட்டு வருகிறவனும் அடக்கமா என்று அன்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அப்புறம், ராஜா இதைத் தன் அகந்தை என்று உணர்ந்திருக்கவே வாய்ப்பில்லை. அவர் வழக்குப் போட்டது பாஸ்கர சேதுபதி என்ற ஆளாக அல்ல, தர்மகர்த்தாவாக. நான் தடுக்கவில்லை, வழக்கம் தடுக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை, ஊர் ஒப்பாது. என் பொறுப்பில் இருக்கும்போது இது நடந்துவிடக்கூடாது. இந்த மூன்று வாக்கியங்களையும் இன்றைக்கும் எந்த அலுவலகத்திலும், எந்தக் கோயில் கமிட்டியிலும், எந்தச் சங்கத்திலும் கேட்கலாம். மீசையை முறுக்கிக்கொண்டு வருகிற அகந்தையை நாலு பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். கடமை என்று பட்டுச்சட்டை போட்டு வருவதை வைத்திருக்கிறவரே கண்டுபிடிக்கமாட்டார்.

இந்த வழக்கில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொரு இடம். மேல்முறையீடு நடந்துகொண்டிருந்த காலத்தில் ராஜா மனம் மாறினார். நாடார்களோடு சமரசம் செய்துகொள்ள முன்வந்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை. தர்மகர்த்தா என்பவர் கோயிலுக்குக் காவலரே தவிர, கோயிலின் வழக்கத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொடுக்க அவருக்கு உரிமை கிடையாது, அது நம்பிக்கைத் துரோகம் என்றாகிவிட்டது. பிரிவி கவுன்சிலும் அந்தச் சமரசத்தைத் தள்ளிவிட்டது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வழக்கம், வழக்கம் என்று சொல்லி வழக்கைத் தொடங்கியவர் அவர். தன்னைவிடப் பெரியது வழக்கம் என்று அவர் தரப்பே நீதிமன்றத்தில் நிரூபித்துக் காட்டியது. நிரூபித்த பிறகு, இறங்கி வர நினைத்தால் அந்த வழக்கமே அவரைப் பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்தும்போது சாவி ராஜா கையில் இருந்தது. திறக்க நினைத்தபோது இல்லை. கோபத்தில் ஒரு வார்த்தை விட்டால் மறுநாள் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். அகந்தையைச் சட்டமாகவோ விதியாகவோ எழுதி வைத்துவிட்டால், எழுதினவர் செத்த பிறகும் அது நடந்துகொண்டே இருக்கும். 1908-இல் நடந்தது அதுதான்.

சமரசத்துக்கு அவர் வந்ததற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். கடனில் மூழ்கியிருந்தவர், வழக்குச் செலவு தாங்காமல் வந்தார் என்று ஒருவர் வாதாடலாம். இருக்கட்டும். எந்தக் காரணத்தால் வந்தாலும், தான் போட்ட வழக்கில், தான் ஜெயித்துக்கொண்டிருந்த வழக்கில், தனக்குக் கீழே என்று நினைத்தவர்களிடம், தன் ஆட்களே முகம் சுளிக்கும்படி இறங்கி வந்திருக்கிறார். பாஸ்கர சேதுபதி வாழ்க்கையில் உண்மையான பணிவு எது என்று என்னைக் கேட்டால் நான் பாம்பன் வண்டியைச் சொல்லமாட்டேன், தோற்றுப்போன இந்தச் சமரசத்தைத்தான் சொல்வேன். இதற்குப் பந்தல் இல்லை, தூண் இல்லை, பேச்சுப் போட்டியிலும் வராது. நன்றி சொல்லவும் ஆள் இல்லை. நாடார்களுக்கு அது பயன்படவில்லை, மற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

தலைச்சுமைக்காரர்கள்

தோட்டக்காரன் கதையில் இரண்டாவது ஆள் ஒருவன் உண்டு. 1897-ஐச் சுற்றி அப்படிப்பட்டவர்களைத் தேடினால் நிறையப் பேர் அகப்படுகிறார்கள். பணம் திரட்டிய அளசிங்கர், எழுதிய குட்வின், மொழிபெயர்த்த நாகலிங்கம் பிள்ளை. பிறகு, பெயரே பதிவாகாத ஒரு பெரிய கூட்டம்: கோயில் வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட ஜனங்களின் வீட்டுப் பெண்கள்.

அன்றைய இராமநாதபுரம் சீமையின் நாடார் ஊர்களில் மகமை என்று ஓர் ஏற்பாடு உண்டு. விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் பொதுநிதிக்கு ஒதுக்குவார்கள். வண்டிப்பேட்டை, கிணறு, தங்கள் சொந்தக் கோயில் எல்லாம் அந்தப் பணத்தில் எழுந்தன. விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளிக்கூடம் பிடியரிசியிலும் நடந்தது. உலை வைக்கும்போது வீட்டுக்காரி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பாள். பள்ளிக்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்றே அதற்குப் பெயர். தினமும் ஒரு பிடி குறைந்தால் பசி ஒன்றும் கூடிவிடாது. ஆனால் தினமும் எடுத்துவைக்க வேண்டும், மறக்கக்கூடாது, யாரும் பார்க்கவும்மாட்டார்கள். கல்வெட்டில் எந்தப் பிடி யாருடையது என்று பொறிக்கவும் முடியாது.

பாஸ்கர சேதுபதி இறந்த 1903-இல் விருதுநகரில் பிறந்த ஒரு பையன் அந்தப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் படித்தான். பின்னால் முதலமைச்சராகி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதியச் சோறு போட்டான். காமராஜர் கதை எல்லோருக்கும் தெரியும், நீட்ட வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன அரிசி யாருடையது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

இராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தம் ஆடப் போனவர்கள் கிணற்று விளிம்பில் வாளியோடு நிற்கிற ஆட்களைப் பார்த்திருப்பார்கள். கயிற்றில் வாளியை இறக்கி, மொண்டு, கீழே வரிசையாக நிற்கிறவர்கள் தலையில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். காசுக்குச் செய்கிற வேலைதான், அதில் புனிதம் தேடவில்லை. ஆனால் அவர்கள் ஊற்றும்போது கீழே யார் நிற்கிறார் என்று பார்ப்பதில்லை. அமைச்சருக்கும் ஒரு வாளி, வடநாட்டுக் கிழவிக்கும் ஒரு வாளி. முக்கியப் பிரமுகர் வந்தால் கூட்டத்தை நிறுத்தி வைக்கிறார்கள்தான். அது வாளிக்காரர் செய்கிற வேலை இல்லை, அவருக்கு மேலே இருக்கிறவர்கள் செய்கிறது. வெளியே வந்தால் ரத வீதியில் அன்னதானப் பந்தல். சாம்பார் அண்டாவைவிட உபயதாரர் பேனர் பெரிதாக இருக்கும். சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்கிறேன், சாம்பார் நன்றாகவே இருந்தது.

வழக்கின் முடிவு

பிரிவி கவுன்சில் தீர்ப்பைச் சட்டம்தான் செல்லாக்காசாக்கியது. 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐந்து பேரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனார். கமுதியில் தனித்தனியாகப் பிரிந்து கிடந்த இரண்டு கேள்விகளும் அன்றைக்கு ஒரே வாசலில் ஒன்றாக நுழைந்தன. கோயில் அதிகாரிகள் மீது வழக்குப் பாயாமல் இருக்க ராஜாஜி அரசாங்கம் அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தது. 1901-இல் பாஸ்கர சேதுபதிக்குக் கிடைக்காத பாதுகாப்பு அதுதான். இறங்கி வர நினைக்கிற தர்மகர்த்தாவை வழக்கம் பிடித்து நிறுத்தக்கூடாது என்று அப்போதுதான் எழுதி வைத்தார்கள். 1947-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு கமுதி மாதிரி ஒரு வழக்கைப் போட எந்த ராஜாவுக்கும் வழியில்லாமல் போனது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஜமீன்களும் இல்லாமல் போயின.